பிரேக் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

"பிரேக் சரியில்லை" என்று சொல்லி வண்டியை விட்டால், நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி "எப்போது?" என்பதுதான். அதைக் கேட்காமல் நேரே சக்கரத்தைக் கழற்றுகிறவர் பெரும்பாலும் பேடுகளை மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பித் தருவார். கோளாறு பேடில் இல்லையென்றால் அது உங்களுடனேயே வீடு திரும்பும். ஒரே கிறீச்சொலி, காலையில் முதல் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கும்போது மட்டும் கேட்டால் அதற்கு ஒரு பொருள்; நாள் முழுவதும் கேட்டால் வேறொரு பொருள்; பெடலைத் தொடாமல் ஓடும்போது கேட்டு, மிதித்ததும் அடங்கினால் மூன்றாவது பொருள். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் நான்கு விவரங்களைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்: பெடலை மிதிக்கும்போது மட்டும் தோன்றுகிறதா, மிதிக்காதபோதும் இருக்கிறதா; வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா; எந்த வேகத்தில்; எந்தச் சக்கரத்தின் பக்கமிருந்து. இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெடலை மிதிக்கும்போது நடப்பதைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சோதனைகள் எளிதில் விளங்கும். காலின் அழுத்தத்தைப் பூஸ்டர் என்னும் வட்டமான டப்பா வெற்றிடத்தின் உதவியால் பெருக்கி, எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய்கள் வழியே அந்த அழுத்தம் சக்கரங்களுக்குப் போய், பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ள, இரண்டு பேடுகள் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகின்றன. டிரம் பிரேக்காக இருந்தால் ஷூக்கள் வெளிப்புறமாக விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளுக்கு எண்ணெய் அனுப்புவதால், ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்கும் தூரமும் மிகும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. முன்பேடுகள் முதலில் தேய்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

வண்டியை நகர்த்தவே கூடாத நிலைகள்

பெடல் தரைவரை போவது, சிவப்பு பிரேக் விளக்கு எரிவதோடு எண்ணெய் மட்டமும் குறைந்திருப்பது, சக்கரத்தின் உட்புறத்திலோ வண்டிக்கு அடியிலோ புதிதாக ஈரம் தெரிவது, இரும்போடு இரும்பு உரசும் கரகர ஒலி, சக்கரத்திலிருந்து புகை எழுவது ஆகிய ஐந்தில் எதைக் கண்டாலும், "பக்கத்தில்தானே பணிமனை, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்ற எண்ணத்தைக் கைவிட்டு, வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் அழைப்பதே முறை. மெதுவாக ஓட்டுவது நம் கையில் இருக்கிறது. குறுக்கே ஒருவர் வருவது நம் கையில் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால், பெடலை விரைவாகப் பலமுறை மிதித்து விட வேண்டும். சில வேளைகளில் அப்படிச் செய்யும்போது ஓரளவு அழுத்தம் திரும்பும். அதோடு கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். அவசரத்தில் பலரும் செய்யும் இன்னொரு பிழை சாவியைத் திருப்பி என்ஜினை அணைப்பது. அணைத்தால் ஸ்டியரிங்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும், சில வண்டிகளில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது

பெடலில் கால் வைத்ததும் உறுதியான ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். அதற்குப் பதிலாகப் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் இருந்தால், எண்ணெய்க் குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கிறது என்பதே முதல் ஊகம். திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போவதற்கு முன் அந்தக் காற்றுக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பெடலை நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்தால் அது மேலே ஏறி இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் காற்று இருக்கிறது, அல்லது பின்சக்கர டிரம்களில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடிவிட்டது. முதலாவதற்கு ஏர் எடுக்க, அதாவது குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஷூவைச் சரிசெய்ய வேண்டும். அண்மையில் பிரேக் வேலை எதுவும் நடக்காத வண்டியில் காற்று புகுந்திருந்தால், அது எந்த வழியாகப் புகுந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் ஏர் மட்டும் எடுத்து அனுப்புவது அரைகுறை வேலை. எண்ணெய் வெளியே போகும் ஓட்டை ஒன்று எங்கோ இருக்கக்கூடும்.

இதைப்போலவே தோன்றினாலும் வேறான ஒரு கோளாறு உண்டு. பெடல் முதலில் உறுதியாகவே நிற்கும். ஆனால் சிவப்பு சிக்னலில் மிதித்தபடி காத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இதைச் சோதிக்க, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே பெடலை மிதமான அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்திருங்கள். என்ஜினைக் கிளப்பும் அந்த நொடியில் பெடல் சற்று இறங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கினால் கோளாறு. அப்படி இறங்கியும் எண்ணெய்த் தொட்டியின் மட்டம் குறையவில்லை, எங்கும் ஈரமும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்து, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று பொருள். மட்டமும் குறைகிறதென்றால் வெளிக்கசிவைத் தேட வேண்டும். நான்கு சக்கரங்களின் உட்புறம், குழாய்களின் இணைப்புகள், பின் டிரம்களின் அடிவிளிம்பு ஆகியவற்றோடு, பலரும் பார்க்க மறக்கும் ஓர் இடத்தையும் பார்க்க வேண்டும்: மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருடன் சேரும் இடம். அங்கே கசிந்தால் எண்ணெய் பூஸ்டருக்குள் இறங்கிவிடுவதால் தரையில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

தொட்டியில் மட்டம் குறைந்திருப்பது எப்போதும் கசிவைக் குறிப்பதில்லை. பேடுகள் தேயத் தேயக் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அது விட்ட இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். அதனால் பல மாதங்களில் மட்டம் சற்றுத் தாழ்வது இயற்கை. மட்டம் தாழ்ந்திருப்பதைக் கண்டால் பேடின் தடிமனைப் பார்ப்பதே முதல் வேலை. பார்க்காமல் மேல்கோடு வரை ஊற்றி வைத்துவிட்டால், பின்னர் புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய் பொங்கி வழியும்; பிரேக் ஆயில் பட்ட இடத்தில் வண்டியின் பெயிண்ட் உரிந்துவிடும்.

எண்ணெயின் வயதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையவை. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 பாகை வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு முறையே 140, 155 பாகையாகத் தாழ்கிறது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான். நிறம் கறுத்துவிட்டது என்பது ஒரு குறிப்பு மட்டுமே; ஈரத்தை அளக்கும் பேனா போன்ற கருவியைக் கொண்டு பார்ப்பது அதைவிட நம்பகமானது. டாட் 5 என்பது பெயரில் மட்டும் இவற்றுக்கு உறவு; அது சிலிக்கோன் எண்ணெய், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தவறிப்போய் ஒரு மூடியளவு விழுந்தாலும் ரப்பர் பாகங்கள் எல்லாம் உப்பிவிடும். அப்போது கழுவி ஊற்றுவதால் பயனில்லை, ரப்பர்கள் அனைத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெடல் கல்லாக இறுகியிருக்கிறது

முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் நிற்கிறது, பெடலோ நகர மறுக்கிறது என்றால், பூஸ்டருக்குக் கிடைக்க வேண்டிய வெற்றிடம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். என்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால், மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு என்ஜினைக் கிளப்புங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் காலுக்கடியில் ஓர் அங்குலம்போல இறங்கும். இறங்காமல் அப்படியே நின்றால் பூஸ்டரோ, அதற்கு வரும் வெற்றிடக் குழாயோ, அக்குழாயிலுள்ள ஒருவழி வால்வோ பழுது. மிதிக்கும்போது காலருகே "உஸ்" என்ற ஓசை தொடர்ந்து கேட்டால் பூஸ்டரின் உட்சவ்வு கிழிந்திருக்கலாம். டீசல் வண்டிகளில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு பம்ப் இருப்பதால் அதையும் பார்க்க வேண்டும்.

கிறீச்சொலி, கரகரப்பு, "டக்"

மழைக்குப் பிறகோ இரவு முழுவதும் நின்ற பிறகோ டிஸ்க்கின் மேல் மெல்லிய துருப்படலம் படியும். காலையில் முதல் சில முறை பிரேக் பிடிக்கும்போது கேட்கும் உரசல், அந்தத் துரு துடைபடும் ஓசையே. நான்கைந்து பிடிக்குள் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், பேடுகள் நீண்ட நாள் உழைக்கின்றன. ஆனால் டிஸ்க்குகள் போதிய வேலையின்றித் துருவேறிக் கெடுகின்றன. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், பின்னால் வண்டி வராத சாலையில் அவ்வப்போது சற்று அழுத்தமாக பிரேக் பிடித்துத் துருவைத் துடைப்பது நல்லது.

நாள் முழுவதும் தொடரும், காதைக் குடையும் உயர்ந்த கிறீச்சொலி வேறு. பல பேடுகளில் வில்தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்; உராயும் பொருள் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தத் தொடங்கும். கத்த வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட தகடு அது. பெடலை மிதிக்காமல் ஓடும்போதே கேட்டு, மிதித்ததும் ஒலி மாறினாலோ நின்றாலோ பெரும்பாலும் இந்தத் தகடுதான். அதை அலட்சியம் செய்தால் அடுத்து வருவது இரும்பு இரும்பை அரைக்கும் கரகரப்பு. அந்த ஒலி கேட்ட பிறகு பேடோடு டிஸ்க்கையும் மாற்ற நேரும்.

பேடின் தடிமனைச் சக்கரத்தைக் கழற்றாமலே ஓரளவு பார்க்கலாம். சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால், காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே முதலில் ஓர் இரும்புத் தகடும், அதை ஒட்டி உராயும் பொருளும் தெரியும். இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீங்கள் அளக்க வேண்டியது உராயும் பொருளை மட்டும். புதிதாக இருக்கும்போது பெரும்பாலான கார்களில் அது 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். ஆனால் வெளியிலிருந்து தெரிவது வெளிப்பேட் மட்டுமே என்பதை மறக்கலாகாது. காலிப்பர் நகர்வதற்காக உள்ள பின்கள் கிரீஸ் வற்றி இறுகிவிட்டால், பிஸ்டன் பக்கத்து உட்பேட் மட்டும் காகிதமாகத் தேய்ந்திருக்க, வெளிப்பேட் பாதித் தடிமனுடன் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து மனநிறைவு அடைந்தவர்கள் ஏமாறும் இடம் இது. ஒலி கேட்கிறது, வெளிப்பேடோ நன்றாக இருக்கிறது என்றால், சக்கரத்தைக் கழற்றி உட்பேடைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

சக்கரம் கழன்றிருக்கும்போதே, குளிர்ந்த டிஸ்க்கின் முகத்தில் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி விரல்நகத்தை இழுத்துப் பாருங்கள். பேட் உரசும் பகுதி தேய்ந்து, உரசாத விளிம்பு மட்டும் வரப்புபோல் உயர்ந்திருந்தால் நகம் அதில் தட்டி நிற்கும். வரப்பு இருப்பதாலேயே டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் தடிமனை அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவுவதற்கு இடமில்லை.

கரகரப்பு திடீரென்று, அதுவும் சரளைச் சாலையில் போய் வந்த பிறகு தொடங்கியதென்றால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகரத்துக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். வண்டியைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்தினாலே அது விழுந்துவிடுவதும் உண்டு. இவை தவிர, பிரேக்கை மிதிக்கும் நொடியில் ஒரே ஒருமுறை "டக்" என்று கேட்டால், பேடைப் பிடித்திருக்கும் கிளிப் விழுந்திருக்கலாம் அல்லது சஸ்பென்ஷனிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். வண்டி கிளம்பிச் சில மீட்டர் போனதும் ஒருமுறை மட்டும் கேட்கும் சிறு இரைச்சலோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓசை.

பிரேக் பிடித்தால் நடுங்குகிறது

வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கைகளில் நடுங்குகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரங்களில். இருக்கையும் பெடலும் மட்டும் அதிர்கின்றன என்றால் பின்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். பிரேக்கைத் தொடாமலே நடுக்கம் இருந்தால் அது சக்கர பேலன்சிங், டயர் சார்ந்தது. அதற்கு இங்கே மருந்து தேட வேண்டாம்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது வளைவு அன்று. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவது. சூடேறிய பேடை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தி வைத்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாகப் படியும். அல்லது ஓட்டத்தில் லேசாகத் தள்ளாடும் டிஸ்க்கைப் பேட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டு மெலிய வைக்கும். அந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணம் பலவேளைகளில் அற்பமானது. டிஸ்க்குக்கும் அது பொருந்தும் சக்கர மையமான ஹப்புக்கும் நடுவே துடைக்கப்படாத துரு, அல்லது காற்றுத் துப்பாக்கியால் ஏறுக்குமாறாக முறுக்கப்பட்ட வீல் நட்டுகள். ஆகவே டயர் மாற்றியோ பஞ்சர் ஒட்டியோ சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு நடுக்கம் தொடங்கியிருந்தால், நட்டுகளை எதிரெதிர் வரிசையில், குறித்த அளவு முறுக்கத்தில், முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்ல வேண்டும்; புது டிஸ்க் போட்டாலும் இதைச் சரிசெய்யாவிட்டால் நடுக்கம் திரும்பி வரும்.

வழுக்கும் சாலையில் சட்டென்று முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் காலைத் திருப்பித் தட்டுவதுபோல் படபடத்தால், அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. விடாமல் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

முதலில் டயர்களின் காற்றைச் சமமாக்கிவிட்டுப் பிறகு பேசுவோம். பிரேக்குக்குத் தொடர்பே இல்லாத இழுப்புகள் பலவும் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதன் பிறகும் பிரேக் பிடிக்கும்போது மட்டும் வண்டி இடப்பக்கம் போகிறதென்றால், இடப்பக்கத்தில் குறை என்று அவசரப்படக் கூடாது. வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பிடிக்காமல் இருப்பது எதிர்ப்பக்கம். அங்கே பிஸ்டன் இறுகியிருக்கலாம், பின்கள் ஒட்டியிருக்கலாம், பேடில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம், அதை மாற்றத்தான் வேண்டும். மாறாக, பெடலைத் தொடாதபோதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போய், அந்தப் பக்கத்துச் சக்கரம் சூடாகவும் இருந்தால், அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் கட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டிக்கொண்டிருப்பதை உறுதிசெய்ய, பத்துப் பதினைந்து நிமிடம் கூடியவரை பிரேக்கைத் தவிர்த்து ஓட்டி, வண்டி தானாகவே மெதுவாகி நிற்கும்படி விட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுங்கள். தொடக் கூடாது, டிஸ்க்கின் சூடு தோலை உரித்துவிடும். ஒரே ஒரு சக்கரம் அனலடித்தால் அதுவே குற்றவாளி. அந்தச் சக்கரத்தில் மட்டும் கரும்பொடி கூடுதலாகப் படிந்திருப்பதும், எரிபொருள் வழக்கத்தைவிட அதிகம் செலவாவதும் துணைச்சான்றுகள்.

எங்கள் வண்டியில் இப்படி முன்பக்கத்து இடச்சக்கரம் கட்டிக்கொண்டபோது, காலிப்பர் போய்விட்டது என்று ஒரு பணிமனையில் முடிவுசெய்து புதுக் காலிப்பர் போட்டார்கள். இரண்டு நாளில் அதே சூடு, அதே வாடை. மறுபடி போனபோது வேலையிலிருந்த வயதான மெக்கானிக் ஒருவர், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, என்னை உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து விடச் சொன்னார். விட்ட பிறகும் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. ஏர் எடுக்கும் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினார். "சர்" என்று சிறிது எண்ணெய் பீறிட்டது, சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. காலிப்பர் வரை அழுத்தம் வந்து, திரும்பிப் போக வழியின்றி அடைபட்டிருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நிப்பிளை மூடி மறுபடி மிதிக்கச் சொல்லி, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்தினார், சக்கரம் விடவில்லை. அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது ஹோஸுக்குள். வெளியே புதுசு போலிருந்த அந்த ஹோஸின் உட்சுவர் உரிந்து, எண்ணெய் காலிப்பருக்குப் போக விட்டு, திரும்பி வரும்போது கதவுபோல் மூடிக்கொண்டிருந்தது. காலிப்பருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அந்தச் சோதனையின் மற்ற விடைகளையும் தெரிந்துகொள்ளலாம். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் விடவில்லையென்றால், எண்ணெயின் அழுத்தம் காரணமன்று. பிஸ்டனோ பின்களோ துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. ஹோஸுக்கு மேலுள்ள இணைப்பைத் தளர்த்தியதும் விட்டால் தடை இன்னும் மேலே இருக்கிறது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து கட்டிக்கொண்டால் மாஸ்டர் சிலிண்டரையும், பெடலுக்கும் அதற்கும் இடையிலுள்ள தண்டின் தளர்வு இடைவெளியையும், தவறான எண்ணெய் கலந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பின்சக்கரங்கள் மட்டுமென்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறித் திரும்பாமல் நிற்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலைகளில் இறங்கக் கூடாது. வண்டியை ஸ்டாண்டில் தாங்கவைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் பிடிப்புக் குறைகிறது, கருகல் வாடை வருகிறது

மலைச்சாலையில் இறங்கும்போது கருகிய வாடையோடு பிரேக்கின் பிடிப்புக் குறைந்தால், பெடல் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேடின் பொருள் அளவுமீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே பஞ்சாகித் தரைக்குப் போனால் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றியிருக்கின்றன. இரண்டு ஆண்டாக எண்ணெய் மாற்றாதவர்களுக்கு ஆபத்து இந்த இரண்டாவதில்தான் அதிகம். இரண்டு நிலையிலும் கியரைக் குறைத்து, ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தானாகவே ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க்கில் விரிசல் விழக்கூடும். அதே மலையில் ஏறும்போது போட்ட கியரிலேயே, வேண்டுமானால் அதைவிடக் குறைந்த கியரில் இறங்குவதும், பெடலைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல் இடைவெளி விட்டு அழுத்திப் பிடிப்பதும் இதைத் தவிர்க்கும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்ற கணக்கு இறக்கத்தில் நினைவிருக்க வேண்டும்.

தேங்கிய நீரைக் கடந்த பிறகு பிடிப்புக் குறைவது இதற்கு எதிரான கதை. மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக மிதித்துச் சில நொடி உரச விட்டால் ஈரம் காய்ந்து பிடிப்புத் திரும்பும்.

விளக்குகளும் ஹேண்ட் பிரேக்கும்

சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து எண்ணெய் மட்டத்தை. திருப்பங்களில் மட்டும் மின்னி மறைந்தால், மட்டம் விளிம்பில் இருப்பதால் எண்ணெய் ஒருபுறம் சாயும்போது தொட்டியிலுள்ள மிதவை இறங்குகிறது என்று பொருள். மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதிதான் இல்லை. பெரும்பாலும் சக்கர சென்சாரோ அதன் வயரோ காரணம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், முன்னும் பின்னும் பிடிப்பைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கக்கூடும். அப்போது பலமாக மிதித்தால் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும்.

ஹேண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட மேலே இழுக்க வேண்டியிருந்தால் கேபிளைத் திருகி இறுக்குவதற்கு முன், பின் ஷூக்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பொத்தானால் இயங்கும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிகளில் பின் பிஸ்டனை நெம்பித் தள்ளினால் மோட்டார் பொறியமைப்பு பழுதாகக்கூடும். தயாரிப்பாளர் சொன்ன முறையில் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும்

பேடையோ ஷூவையோ எப்போதும் ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும். புதுப் பேட் போட்டபோது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் முறை மிதிக்கும்போது பெடல் தரைக்குப் போகும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்து, எண்ணெய் மட்டத்தை மறுபடி பார்த்த பிறகே கியர் போட வேண்டும். இதை மறந்து பின்னோக்கி எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு.

அடுத்து, ஆளில்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிறுத்தாமல், மிதமாக எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே சற்று ஓட்டி ஆறவிட்டால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றலாம். முதல் 200 கிலோமீட்டருக்கு, அவசரம் நேர்ந்தாலொழிய, அழுத்திப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்தச் சோதனை ஓட்டத்தின்போதே ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் நான்கு சக்கரங்களின் சூட்டையும் புறங்கையால் ஒப்பிட்டு, வேலை நடந்த சக்கரங்களின் உட்புறத்தில் நிப்பிளைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; மறுநாள் காலை, கிளம்பும் முன், வண்டி நின்ற இடத்தின் தரையையும் ஒருமுறை.